தலைவருக்குச் சேர வேண்டிய நன்றி

மலையடிவார மடத்தில் பூரணி அம்மையாரிடம் பாடம் கேட்டு வந்தவர்களில் திருமாறன் ஒருவர். நாட்டின் பேரவை உறுப்பினர். குடியரசுத் தலைவரின் கட்சிக்காரர்.

ஒருநாள் முகம் வாடி வந்தார்.

"தலைவரைப் பதவி நீக்க நாளை வாக்கெடுப்பு, அம்மா. சொல்லாமல் கொள்ளாமல் அணையைத் திறக்க உத்தரவு போட்டாராம். மழைதான் ஊரை அடித்துப் போனது என்று பொய் சொன்னாராம்."

"சொன்னாரா?"

"எதிர்க்கட்சி கட்டிய கதை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்."

"அணைப் பொறியாளர் பேரவையில் சாட்சி சொன்னாரே, நீ இருந்தாயா?"

"முன்வரிசையில் இருந்தேன்."

"என்ன சொன்னார்?"

திருமாறன் யோசித்தார். "எங்கள் ஆட்கள் கூச்சல் போட்டது நினைவிருக்கிறது. அவர் சொன்னது... நினைவில்லை."

பிறகு அவரே தொடர்ந்தார். "என் மனைவியை ஆறு இழுத்துப் போனபோது, குதித்துக் கரை சேர்த்தவர் தலைவர். அவருக்கு எதிராக எப்படிக் கை தூக்குவேன்?"

அம்மையார் அடுக்களையில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"இவள் அன்னக்கிளி. வெள்ளத்தில் போன ஊர்க்காரி. நீயே கேள்."

திருமாறன் கேட்டார். "நீ எந்தக் கட்சிம்மா?"

"உங்க கட்சிதாங்க. தலைவர் படம் மாட்டியிருந்தோம். வீட்டோட போயிடுச்சு."

"அன்றைக்கு மழை பலமா?"

"மழை எங்கேங்க? சுள்ளுனு வெயில். நான் வடகம் காயப்போட்டுட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரர் ஆத்துல மாட்டைக் குளிப்பாட்டிட்டு இருந்தார். அணையில சங்கு ஊதியிருந்தா கரையேறியிருப்பார்."

திருமாறன் தலை கவிழ்ந்தார். "இவள் சொல்வது உண்மை, அம்மா."

"வேறு கட்சி என்று சொல்லியிருந்தால்?"

திருமாறன் அன்னக்கிளியைக் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்.

மறுநாள் பதவி நீக்கத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். தலைவர் பதவி இழந்தார். கட்சி திருமாறனைத் துரோகி என்றது. அவர் வீட்டு வாசலிலேயே அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள்.

புகை அடங்கியதும் அவர் மனைவியை அழைத்துக்கொண்டு பழைய தலைவரின் வீட்டுக்குப் போனார். இருவரும் அவர் காலில் விழுந்தார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திருமாறன் மடத்துக்கு வந்தார்.

"என் வீட்டில் விளக்கு எரிவதே அவரால்தான், அம்மா. அதைச் சொல்லத்தான் போனேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நான் நன்றி கெட்டவனா?"

"ஆற்றில் குதிக்குமுன் அவர் உன் மனைவியிடம் ஏதாவது கேட்டாரா?"

"இல்லை. யாரென்றுகூடக் கேட்கவில்லை."

"அன்று குதித்தாரே, அந்த மனிதருக்கு உன் நன்றி போய்ச் சேர்ந்துவிட்டது" என்றார் அம்மையார்.