கலுங்குப் பலகையும் மூக்காயி நச்சரிப்பும்

முன்னொரு காலத்துல, கம்மாயை நம்பியே பொழைச்ச ஒரு ஊரு இருந்துச்சு. அந்தக் கம்மாய்க்கு ஒரு கலுங்கு. தண்ணி மிஞ்சுனா அது வழியாத்தான் வழிஞ்சு ஓடணும். ஊருக்குத் தலைவரா இருந்த அம்பலகாரரு மாயழகு என்ன செஞ்சாரு, தன்னோட மேட்டு வயலுக்கும் தண்ணி ஏறணும்னு கலுங்கைப் பலகை போட்டு அடைச்சுட்டாரு. அவரு சொல்லாம பலகையத் தொட்டா காவக்காரன் கைய ஒடிப்பான்.

ஐப்பசி மழை மூணு நாளு விடாம ஊத்துச்சு. கரைக்குக் கீழ பன்னெண்டு குடிசை, அதுல ஒண்ணு மூக்காயியோடது. கரையடியில தண்ணி கசியிறதப் பாத்துட்டு அம்பலகாரருகிட்ட ஓடிப்போயி, பலகைய எடுக்கச் சொல்லுங்கன்னு கேட்டா. நாளைக்குப் பாக்கலாம்னாரு. திரும்பப் போயிக் கேட்டா. சாப்புடுற நேரத்துல என்ன தொந்தரவுன்னு வெரட்டுனாரு. மூணாந்தடவையும் போனா.

"ஏ மூக்காயி, இந்த நச்சரிப்பு எனக்கு ஆகாது. இன்னொரு தடவ கேட்டா ஒன்னய ஊர விட்டே ஒதுக்கி வச்சுருவேன்"னாரு.

ஒதுக்கி வைக்கிறதுன்னா சும்மாவா? ஊருணியில ஒரு கொடம் தண்ணி எடுக்க விடமாட்டாங்க. அழுதுக்கிட்டே வந்தா. வந்து பாத்தா, காலையில தெளிவாக் கசிஞ்ச தண்ணி இப்பக் கலங்கலா வருது. அப்படின்னா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். கரை எப்ப வேணா ஒடையும் கண்ணுகளா.

திரும்ப ஓடுனா. வாசல்ல நின்னு கேட்டா, கதவச் சாத்துனாரு. சன்னல்ல நின்னு கேட்டா, சன்னலச் சாத்துனாரு. கொல்லப்பக்கம் வந்து கேட்டா, காதப் பொத்துனாரு. அப்பவும் விடல. நீங்க பணியாரத்துக்கு என்னய நச்சரிப்பீங்கள்ல, அதே நச்சரிப்புதான். ஆனா ஒங்களுக்கு நாக்கு, அவளுக்கு உசுரு.

"எடுத்துத் தொல, என்னய விடு"ன்னு அவரு தலப்பாவக் கழட்டி, காவக்காரன்கிட்டக் காட்டச் சொல்லி வீசுனாரு. அத எடுத்துக்கிட்டு ஓடி, அவளும் காவக்காரனுமாப் பலகைய உருவுனாங்க. தண்ணி திமுதிமுன்னு கலுங்குல பாஞ்சுச்சு. கரை பாதி கரைஞ்சுதான் போச்சு, ஆனா நின்னுருச்சு. பன்னெண்டு குடிசையும் பொழைச்சுச்சு.

மறுநாளு கரைய அடைக்கக் களிமண்ணு வேணும். அது பக்கத்துல எங்க கெடக்கு? அம்பலகாரரு மேட்டு வயல்லதான். பன்னெண்டு குடிசைச் சனமும் அவரு வாசல்ல உக்காந்து கேட்டுச்சு, கேட்டுச்சு, கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒருத்திக்கே தாங்காத மனுசன் அத்தன பேருக்கு எப்படித் தாங்குவாரு? உச்சிக்கு முன்னாடியே வெட்டிக்கங்கன்னுட்டாரு. நட்ட நாத்தோட மேட்டு வயலு குழியாப் போச்சு. நல்லா வேணும்.

அதனால, யாராச்சும் நச்சரிச்சா எடுத்ததும் வையாதீங்க. அவங்க வீடு கரைக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு ஒரு தரம் எட்டிப் பாருங்க. கம்மாயும் அடங்குச்சு, கதையும் வடிஞ்சுச்சு, கண்ண மூடுங்க.