ஒன்பது முழம்

முன்னொரு காலத்தில், காலையில் எதை நினைத்துக்கொண்டு கண்விழிக்கிறானோ அதையே நாட்டுக்குச் சட்டமாக்கும் அரசன் ஒருவன் இருந்தான். ஒருநாள் அவனுக்குப் பாட்டனாரின் பழைய மாளிகை நினைவுக்கு வந்தது. நாற்பது ஆண்டுகளாக வௌவால்கள் மட்டுமே குடியிருந்த மாளிகை அது.

"அதைப் புதுப்பியுங்கள்! இன்றுமுதல் அந்த வீட்டுக்கு உரியவன் என் மகன். செப்பேட்டில் எழுதுங்கள்" என்றான். அந்த மகனுக்கு அப்போதுதான் ஒன்பதாவது மாதம்.

வேலையை அரண்மனை மேற்பார்வையாளர் பராங்குசர் ஏற்றார். வீடுகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளே செருப்போடு போகக்கூடாது என்பது மட்டும். சுவரில் பழைய காரையைச் சுரண்டச் சொன்னார். காரையோடு செங்கல்லும் வந்தது. செங்கல் போனதும் உத்திரம் இறங்கியது. தட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கறையான். அதற்கு முட்டுக்கொடுக்க நடுக்கூடத்துத் தூணைப் பிடுங்கி வரச் சொன்னார். தூண் வந்தது. தூணுக்குப் பின்னாலேயே பாதிக் கூரையும் வந்தது.

அரசன் கொதித்தான். பராங்குசரோ தம் மேல் விழுந்த தூசியைத் தட்டுவதுபோலப் பழியையும் தட்டிவிட்டார். "குற்றம் மனையில் இருக்கிறது, மன்னா. மேற்கே நீளம் போதவில்லை. சாஸ்திரப்படி ஒன்பது முழம் நீட்டினால் மாளிகை நிமிர்ந்து நிற்கும்."

மேற்கே ஐந்து முழ அகலத்தில் ஒரு சந்து. அதற்கு அப்பால் கோயிலுக்குப் பூக்கட்டும் உலகம்மையின் மண்வீடு. ஒன்பது முழம் நீட்டினால் அந்த வீடு போய்விடும்.

"அவளுக்குப் போக்கிடம் இல்லை, மன்னா" என்றான் விகடகவி திருமேனி.

இதற்காகவே காத்திருந்த பராங்குசர், "ஏழைகளுக்காக உருகும் திருமேனியாரே இப்பணியை முடிக்கட்டுமே" என்றார்.

"நன்று! ஒரு விரற்கடை குறைந்தாலும் உன்னை நாடு கடத்துவேன்" என்றான் அரசன்.

"ஆணை, மன்னா. எல்லாம் சாஸ்திரப்படிதானே?"

"இம்மியும் பிசகக் கூடாது!" என்று முழங்கினார் பராங்குசர்.

திருமேனி உலகம்மையிடம் போனான். அவள் தலை நிமிராமல் முல்லை தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக்கு இடிக்கிறாங்க சாமி? முன்னாடியே சொல்லிடுங்க. இந்தக் கொடியைக் கோயில் நந்தவனத்துல நட்டுட்டு வந்திடறேன். சாமிக்குப் பூ நிக்கக் கூடாது பாருங்க."

"கொடி இங்கேயே இருக்கட்டும் தாயீ. எனக்கு ஒரு முழம் கொடு."

அவள் முழங்கை வரை அளந்து, வழக்கம்போல அதற்கு மேலும் இரண்டு விரல் விட்டு நறுக்கினாள். "என் கை குட்டை சாமி. வாங்குறவங்களுக்குக் குறையக் கூடாதில்ல?"

திருமேனி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தபடி எழுந்து கொத்தனார் மாடக்கண்ணுவைத் தேடிப் போனான்.

"ஏனப்பா, சாஸ்திரப்படி முழக்கோலை யார் கைக்கு வெட்டுவீர்கள்?"

"வேற யாரு? வீட்டுக்குச் சொந்தக்காரர் கைக்குத்தான் சாமி."

இருவரும் அரண்மனைத் தொட்டிலுக்குப் போனார்கள். இளவரசர் மகிழ்ச்சியோடு கையை நீட்டினார். அளந்து வெட்டிய கோலைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டார்.

சுவர் எழும்பியது. அரசன் பார்வையிட வந்தான். இடுப்பில் குழந்தையோடு அரசியும் வந்தாள். உலகம்மையின் வீடு அசையாமல் நின்றது. சந்தில் பூக்கூடையோடு ஒருவர் போய்வர வழியும் இருந்தது.

பராங்குசர் ஓடிப்போய்த் தம் கையால் அளந்தார். "மூன்றரை முழம்! மோசடி, மன்னா!"

"பராங்குசரே, வீட்டுக்கு உரியவர் உங்களுக்குக் கையைக் கடன் கொடுத்தாரா?" என்ற திருமேனி, சிறிய கோலை நீட்டினான். "இது இளவரசரின் கைக்கு வெட்டிய முழக்கோல். அளந்து பாருங்கள்."

அளந்தார்கள். சரியாக ஒன்பது முழம்.

"இது என்ன கூத்து?" என்றான் அரசன்.

"சாஸ்திரம், மன்னா. தங்கள் கையாலும் அளக்கலாம். ஆனால் அதற்குமுன் செப்பேட்டை உருக்க வேண்டும். பிள்ளைக்குக் கொடுத்த வீட்டைத் தகப்பனே பிடுங்கிக்கொண்டான் என்று ஊர் பேசும். சாஸ்திரமே வேண்டாம் என்றால் பராங்குசர் சொன்ன ஒன்பது முழமும் வேண்டாம். கூரை விழுந்தது மனை குறைந்ததால் அல்ல, தூணைப் பிடுங்கியதால்."

அரசன் பராங்குசரைப் பார்த்தான். பராங்குசர் வானத்தைப் பார்த்தார். கூரை இல்லாததால் வானம் நன்றாகவே தெரிந்தது. இளவரசர் எட்டி முழக்கோலைப் பிடித்து மறுபடி கடித்தார்.

"வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார்!" என்று அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்கு அணிவித்தான். "உலகம்மையின் வீட்டை இனி யாரும் தொடக் கூடாது. புதுத் தூண் வரும்வரை பழைய தூண் நின்ற இடத்தில் பராங்குசர் நிற்கட்டும். அவராவது கூரைக்கு ஏதாவது ஆதாரமாக இருக்கிறாரா பார்ப்போம்!"

எல்லோரும் சிரித்தபடி கலைந்தார்கள். வெயில் ஏறியது. நடுக்கூடத்தில் தனியே நின்றுகொண்டிருந்த பராங்குசரை உலகம்மை எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு செம்பு எடுத்து வந்தாள்.

"எவ்வளவு நேரம் சாமி நிப்பீங்க? இந்த மோரைக் குடிங்க."

அவருக்கும் அவள் செம்பு தளும்பத் தளும்பத்தான் கொண்டுவந்திருந்தாள்.