பானைக்குள்ள ஒரு தவளை

காக்காவும் குயிலும் ஒரே கூட்டுல சண்டையில்லாம இருந்த காலம்னு வெச்சுக்கோங்க. அப்போ ஆழியூர்ல ஒரு ராஜா. ஊரை விடப் பெருசா ஒரு ஏரி. அந்த ஏரிக்கரைக்குக் காவக்காரன் மாயழகு.

இந்த மாயழகு இருக்கானே, எதுக்கெடுத்தாலும் திடுக்குன்னு தூக்கிவாரிப் போடும் அவனுக்கு! இலை விழுந்தா திரும்புவான். மீன் துள்ளினா எழுந்திருப்பான். கரைக்குள்ள நண்டு வளை தோண்டினாக்கூட ஓடிப்போய்க் களிமண்ண வெச்சு அடைப்பான். அவன் பொண்டாட்டி பூவாத்தா நேர் எதிர். இடி இடிச்சாலும் சிரிப்பா. "எனக்கும் சேர்த்து நீ பயப்படுய்யா, உனக்கும் சேர்த்து நான் சிரிக்கிறேன்"ம்பா. குடும்பம் அப்படியே ஓடிக்கிட்டிருந்துச்சு.

அங்கதாங்க வந்து சேர்ந்தார் ஒரு பண்டிதர். "ராஜா, எந்த மனுஷனோட குணத்தையும் கண்ணிமைக்கிற நேரத்துல சொல்லிருவேன்"னார். வாய் குறுகின ஒரு பானை. உள்ள ஒரு தவளை. ஊர்ல ஒவ்வொருத்தரா வந்து கைய விடணும். அவ்வளவுதான் சோதனை!

அசையாம நின்னா தீரன், சிவப்புக் கயிறு. சிரிச்சா விளையாட்டுப் புத்தி, மஞ்சக் கயிறு. அலறினா பயந்தாங்கொள்ளி, கறுப்புக் கயிறு. மணிக்கட்டுல கட்டினா கட்டினதுதான், அவுக்கக் கூடாது.

மாயழகு அலறின அலறல்ல அரண்மனைப் புறாவெல்லாம் பறந்துபோச்சு. கறுப்பு. பூவாத்தா, "அய்யோ, கூசுது!"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. மஞ்சள்.

"பயந்தாங்கொள்ளிக்கு ஏரிக் காவலா?"ன்னு ராஜா அவன நீக்கிட்டு, சடையன்னு ஒரு சிவப்புக் கயித்துக்காரன வெச்சார். சடையன் கரைமேல உக்காந்தான். உக்காந்தவன் உக்காந்தவன்தான்.

ஐப்பசி மழை. ஏரி தளும்புது. ஒரு காலைல மாயழகு கரையோரமா போறப்ப, மண்ணுக்குள்ள தண்ணி கொப்புளிக்கிற சத்தம். ஓடினான். "அண்ணே, உள்ளுக்குள்ள கரை அரிக்குதுண்ணே!"

சடையன் அவன் முகத்தப் பாக்கல, கயித்தப் பாத்தான். "கறுப்புக் கயிறு கத்தத்தானடா செய்யும். போடா."

உச்சி வேளைல சத்தம் பெருசாச்சு. மாயழகு போய்ப் பூவாத்தாகிட்ட சொன்னான். அவ சிரிக்கல. நேரா அரண்மனைக்கு ஓடி, "ராஜா, கரை உடையப்போகுது!"ன்னா. சபையே சிரிச்சது. "மஞ்சக் கயிறு என்னமா வேடிக்கை காட்டுது பாருய்யா!" அவ அழுதா. அதுக்கும் சிரிச்சாங்க.

திரும்பி வந்தவ, "அவ்வளவு பெரியவங்க சொல்றாங்க, நம்ம புத்திதான் கோணலோ என்னவோ"ன்னுட்டு, கரைக்குக் கீழ இருந்த வயல்ல களை பறிக்க இறங்கிட்டா.

பொழுது சாயறப்ப மூணாவது தடவை. மாயழகு கரைமேல நிக்கிறான். காலுக்குப் பக்கத்துலயே சத்தம். கீழ பூவாத்தா குனிஞ்சிருக்கா. கூப்பிட வாயத் திறந்தான். கண்ணு மணிக்கட்டுக்குப் போச்சு.

'நான்தான் பயந்தாங்கொள்ளியாச்சே. இதுவும் என் பயந்தான்.'

வாய மூடிக்கிட்டான்.

அவன் நின்ன இடத்துக்கு நாலடி தள்ளிக் கரை உடைஞ்சது. மஞ்சக் கயிறு கட்டின கை ஒண்ணு தண்ணிக்கு மேல வந்துச்சு. அப்புறம் வரல.

வெள்ளம் வடிஞ்சப்போ பாதி ஊரு இல்ல, சடையனும் இல்ல. மேட்டு அரண்மனைல இருந்த ராஜா பொழைச்சார், பண்டிதரும் பொழைச்சார், பானையும் பொழைச்சது. "மிச்சம் இருக்கிறவங்கள மறுபடி சோதிப்போம்"னார் பண்டிதர்.

மாயழகு கைய விட்டான். தவளை துள்ளுச்சு, விரல்ல ஏறுச்சு, மறுபடி துள்ளுச்சு. அவன் இமைகூட ஆடல.

"பாத்தீங்களா ராஜா!" பண்டிதர் குதிச்சார். "என் சோதனை ஒரு கோழைய எப்படித் தீரனாக்கிருச்சு!"

கறுப்ப அறுத்துச் சிவப்பக் கட்டினாங்க. ஏரிக் காவலையும் திருப்பிக் குடுத்தாங்க. கரையே இல்லாத ஏரிக்கு.

கேட்டவங்க மனசுல முடிஞ்சு வெச்சுக்கோங்க: ஆளுக்கு ஒரு குணம்ங்கிறத ஏத்துக்காம, அதைக் குறைன்னு முத்திரை குத்துற ஊரு, தன்னைக் காப்பாத்த வர்ற குரலத்தான் முதல்ல ஊமையாக்கும்.