பாறையில் வைத்த புழு

ஒரு காட்டில் ஒரு குட்டை இருந்தது. இப்போதும் இருக்கிறது, தண்ணீர்கூட வற்றவில்லை. ஆனால் குடிக்க ஒரு பிராணியும் அங்கே வருவதில்லை. ஏன் என்றா கேட்கிறீர்கள், குழந்தைகளே? சொல்கிறேன், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

குட்டைக் கரையில், வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி ஒருத்தி நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். அந்தக் கரைக்குக் காவல்காரி அவள்தான். புதர் அசைந்தால் போதும், "திட்டீ திட்டீ" என்று கத்தி ஊரைக் கூட்டிவிடுவாள். முயலும் காடையும் அந்தக் குரலை நம்பித்தான் தலை குனிந்து தண்ணீர் குடித்தன.

ஒரு மாலை காட்டுப்பூனை பதுங்கி வந்தது. குருவி கத்தினாள். எல்லாம் ஓடிவிட்டன. பூனைக்குக் கோபமே வரவில்லை, அதுதான் பயங்கரம். மெல்ல நடந்து வந்து ஒரு முட்டையின் மேல் காலை வைத்து நொறுக்கியது.

"நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், தாயே" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

மறுநாளும் பூனை வந்தது. மறுநாளும் அவள் கத்தினாள். பிறவிப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? இரண்டாவது முட்டையும் போயிற்று.

மூன்றாம் நாள் புதர் அசைந்தது. குருவி மிச்சமிருந்த இரண்டு முட்டைகளையும் வயிற்றுக்குக் கீழே அணைத்துக்கொண்டு அலகை இறுக்கி மூடினாள். கரையில் ஒரு காடை கீச்சென்றது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

சற்று நேரத்தில் சரக், சரக் என்று சருகு மிதிபடும் ஓசை கேட்டது. வேட்டைக்கு வரும்போது ஓசைப்படாத பூனை, இப்போது வேண்டுமென்றே சருகை மிதித்து வந்தது. பக்கத்துப் பாறையில் மூன்று கொழுத்த வெள்ளைப் புழுக்களை வைத்தது.

"சாப்பிடு தாயே."

"பிள்ளைகளுக்காகத்தானே வாயை மூடினேன்" என்று குருவி தன்னையே தேற்றிக்கொண்டாள். புழுவைத் தின்றாள். ருசியாகத்தான் இருந்தது.

சில நாள் புழு வந்தது. சில நாள் வரவில்லை. வராத நாளிலாவது அவளுக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? எங்கே வந்தது! "நேற்று நான் மூச்சு விட்டது பூனைக்குக் கேட்டிருக்குமோ" என்று இன்னும் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

முயல் ஒருநாள் அவளிடம் வந்தது. "அக்கா, காடைக் குடும்பத்தையே காணோம். நீங்கள் ஏன் இப்போதெல்லாம் குரல் கொடுப்பதில்லை?"

"தொண்டை கட்டியிருக்கிறது, முயலே."

"உங்களை நம்பித்தான் நான் தண்ணீரில் வாய் வைக்கிறேன்."

"குடி, குடி. ஒன்றும் ஆகாது" என்றாள் குருவி. அவள் கண் பாறையின் மேலேயே இருந்தது.

அன்று பாறையில் ஐந்து புழுக்கள் இருந்தன.

முட்டைகள் பொரிந்தன. இரண்டு குஞ்சுகள் தத்தித் தத்தி நடந்தன. சரக், சரக் என்று கேட்டால் தீனி வரும் என்பதுதான் அவை உலகத்தில் கற்ற முதல் பாடம். சருகுச் சத்தம் கேட்டதும் இரண்டும் பாறைக்கு ஓடும். தாய் அதைத் தடுக்கவில்லை.

நாளாக நாளாகக் கரை வெறிச்சோடியது. தண்ணீர்மேல் ஓர் அலைகூட எழவில்லை. அப்படி ஒரு மாலையில் மறுபடியும் சருகு மிதிபட்டது. பூனையின் வாயில் புழு இல்லை.

"இன்று ஒன்றும் கொண்டுவரவில்லையா?" என்றாள் குருவி.

"இல்லை தாயே. குட்டைக்கு யாரும் வருவதில்லை. எனக்குப் பசிக்கிறது."

"நீ விரும்பியபடியெல்லாம் நடந்தேனே."

"நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவே இல்லையே" என்றது பூனை.

குருவிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. துருவேறிய கதவைத் திறப்பதுபோல அலகைத் திறந்து, உயிரைக் கொடுத்துக் கத்தினாள். "திட்டீ, திட்டீ, திட்டீ."

தாய் அப்படிக் கத்தினால் ஆள்காட்டிக் குஞ்சுகள் கல்லோடு கல்லாகப் படுத்துவிடும். கண்ணெதிரே கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தக் குஞ்சுகள் அந்தக் குரலை ஒருநாளும் கேட்டதில்லை. பெற்ற தாயைப் பார்த்தே மிரண்டுபோயின. தெரியாத சத்தத்தை விட்டு, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த சரக், சரக் ஓசையை நோக்கி வாயைப் பிளந்துகொண்டு ஓடின.

நீதி: அடிக்குப் பயந்து மூடிய வாயை ருசி பூட்டிவிடும், பிறகு அது திறந்தாலும் கேட்க ஆள் இருக்காது.