தீர்க்கப்பட்ட புகார்

மலைமேல் இருந்த அந்த ஆசிரமத்துக்கு ஒரே ஒரு கம்பெனியின் டவர்தான் எட்டும். வேறு சிம் போட்டால் போன் வெறும் கடிகாரம். இது அந்தக் கம்பெனிக்கும் நன்றாகத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறை ரீசார்ஜ் விலையை ஏற்றினார்கள். நெட் மட்டும் மலை ஏறி வரவில்லை.

வேலாயுதம் அங்கே சீடராகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தாறு. குரு அரசியம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் அதிகம் பேசமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். அரசியம்மா சமையல்கட்டில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் கையில் போனுடன் வந்து நின்றார்.

"அம்மா, இவனுங்களை என்ன பண்றதுன்னே தெரியல."

"யாரை ஐயா?"

"போன் கம்பெனிக்காரனைத்தான்."

அரசியம்மா உட்காரச் சொன்னார். வேலாயுதம் உட்கார்ந்து சொன்னார்.

அவருடைய ஒரே மகன் இளமாறன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். ஆறு வருஷமாக அப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லை. போன ஞாயிறு அவனாகவே வீடியோவில் கூப்பிட்டான். சாப்பிட்டீங்களா என்றான், கால்வலி எப்படி என்றான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். இவர் பதில் சொல்ல வாயெடுத்தார். படம் அப்படியே நின்றது. ஒரு வட்டம் சுற்றியது. எல்லாம் போய்விட்டது.

அப்பா வேண்டுமென்றே கட் பண்ணிவிட்டார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வேலாயுதம் அதற்குள் ஆசிரமம் முழுக்க அடியடியாக நடந்து சிக்னலை அளந்திருந்தார். பழைய தொழில் விடுமா? மாட்டுக்கொட்டகைப் பக்கம் எப்போதாவது வரும். பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினால் நிச்சயம் ஒரு பாயிண்ட் சிக்னல் கிடைக்கும். எழுத்து போகும், படம் போகாது. அங்கே நின்றுதான் 'நான் கட் பண்ணலப்பா' என்று அனுப்பினார்.

'ஞாயிறு நாலு மணிக்குக் கூப்பிடறேன். இதுவும் கட் ஆச்சுன்னா விட்டுடலாம்ப்பா' என்று பதில் வந்தது.

"இன்னைக்கா?" என்றார் அரசியம்மா.

"இன்னைக்குத்தாம்மா. இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு."

"புகார் கொடுத்தீங்களா?"

"அஞ்சு தடவை கொடுத்துட்டேன். தமிழுக்கு ரெண்டை அழுத்துன்னான், அழுத்தினேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு அரை மணி நேரம் பாட்டு போட்டான். கடைசில ஒரு பொண்ணு வந்து, 'உங்க சிரமம் புரியுது சார், கொஞ்சம் பொறுத்துக்கோங்க'ன்னு சொல்லுது. நானும் சரிம்மான்னு வச்சிடறேன். வச்ச பத்தாவது நிமிஷம் இது வருது."

போனை நீட்டினார். அரசியம்மா வாய்விட்டுப் படித்தார்.

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது."

"அஞ்சு தடவையும் இதேதாம்மா! தீராததைத் தீர்ந்துச்சுன்னு எப்படி எழுத முடியுது? அதுதான் எனக்குப் புரியவே இல்ல."

"நீங்க சரிம்மான்னு சொன்னீங்கள்ல."

வேலாயுதம் விழித்தார். "அது மரியாதைக்குச் சொன்னதும்மா."

அரசியம்மாவின் கை நின்றுவிட்டது.

"ஐயா, நீங்க வந்த முதல் வாரம் என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. சம்சாரம் காரியம் முடிஞ்ச மறுநாளே பையனைத் தனியா விட்டுட்டு வந்துட்டேன், ஏம்மா இப்படிச் செஞ்சேன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'புரியுது ஐயா, கொஞ்சம் பொறுங்க'ன்னீங்க."

"நீங்க?"

"சரிம்மான்னேன்."

கம்பெனியைத் திட்ட வந்த பேச்சு எங்கே வந்து நிற்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

"நானும் அன்னைக்கே அதை முடிச்சு வச்சுட்டேன் ஐயா. ஆறு வருஷத்துல ஒரு தடவைகூட உங்களைத் திரும்பக் கேக்கல. இந்த மலைல டவரும் ஒண்ணு, குருவும் ஒண்ணு. நீங்க வேற யார்கிட்ட போவீங்க?"

அப்படியெல்லாம் இல்லம்மா என்று சொல்ல நினைத்தார். அதுவும் மரியாதைக்குச் சொல்வதாகத்தான் இருக்கும் என்று பட்டது.

"தம்பி போன ஞாயிறு வீடியோல என்ன கேட்டான்?"

"அதேதாம்மா. 'அம்மா போயிட்டாங்க. காரியம் முடிஞ்ச மறுநாளே நீங்களும் போயிட்டீங்களேப்பா, ஏன்?'னு கேட்டான்."

"நீங்க என்ன சொல்ல வாயெடுத்தீங்க?"

"'உன் கஷ்டம் புரியுதுப்பா, கொஞ்சம் பொறு'ன்னு..."

பாதியில் நிறுத்தினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

மணி மூன்றே முக்கால். போனில் ஒரு பாயிண்ட்கூட இல்லை.

"அம்மா, நான் ஏன் வந்தேன்? இப்பவாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது ஐயா."

ஆறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வேலாயுதம் கேட்டதே இல்லை. உள்ளுக்குள் பயமாக இருந்தது.

"அப்ப அவன்கிட்ட நான் என்னதான் சொல்றது?"

அரசியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னல் வழியாகப் பின்பக்கத்துப் பாறையைக் காட்டினார்.

"தெரியலப்பான்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு பாயிண்ட் போதும்."