கிளுவை நீட்டாத கை

முன்பொரு காலத்தில், மலையடிவாரத்தில் மூன்று துண்டு நிலங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. மூன்றிலும் நிலக்கடலை. நிலத்துக்கும் நிலத்துக்கும் இடையில் வெறும் வரப்புதான். மலையைப் பார்த்த பக்கம் மட்டும் ஆளுக்கொரு உயிர்வேலி நின்றது. இடது நிலத்துக்குக் கிளுவை, நடு நிலத்துக்குக் கள்ளி, வலது நிலத்துக்கு இலந்தை. மலையிலே காட்டுப்பன்றிகள் இருந்தன. கடலை என்றால் அவற்றுக்கு உயிர்.

போன வெள்ளாமையில் பன்றிகள் புகுந்து பாதியைத் தின்றுவிட்டுப் போயின. கிளுவையின் சொந்தக்காரர் செங்காளியப்பன் நடு நிலத்து மாராத்தாளிடம் சொன்னது மூன்று வேலிகளுக்கும் கேட்டது.

"இன்னொருக்காப் பன்னி பூந்துச்சுன்னா பாருங்கக்கா, மூணு வேலியையும் வேரோட புடுங்கிப்போட்டுக் கம்பி வேலி போட்டுறலாம்."

"எனக்கும் அதுதான் தம்பி தோணுது" என்றாள் மாராத்தாள்.

அன்றைக்கே மூன்று வேலிகளும் நின்ற இடத்திலேயே கூட்டம் போட்டன. வேறெங்கே போவது?

"பன்னி முள்ளு மேல வந்து மோதாது. சந்து பாத்துத்தான் வரும்" என்றது கள்ளி. "நாம ஒருத்தரை ஒருத்தர் தொடற இடம்தான் சந்து. அது வர்றப்ப நாம கையைக் கோத்துக்கிட்டு விறைச்சு நின்னாப் போதும்."

"அது வர்றது நமக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டது இலந்தை.

கள்ளிக்கு முன்னால் சரளைக்கல் பரவிக் கிடந்த ஒரு கல்லாங்குத்து. அங்கே முட்டைகளோடு உட்கார்ந்திருந்த ஆள்காட்டிக் குருவி தலையைத் தூக்கியது. "நான் எப்படியும் முட்டைக்காகக் கத்தத்தான் போறேன். உங்களுக்கும் சேர்த்துக் கத்திட்டாப் போச்சு."

அப்படி ஒப்பந்தம் ஆயிற்று. ஆள்காட்டி கத்தினால் கை கோக்க வேண்டும். இரண்டு முறை பன்றிகள் வந்தன, இரண்டு முறையும் சந்தில் மூக்கைக் கிழித்துக்கொண்டு திரும்பின.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. வெற்றிக்குப் பிறகுதானே பங்காளிச் சண்டையே தொடங்கும்!

ஒரு வெள்ளிக்கிழமை மாராத்தாள் வந்து, "என் நெலத்தைக் காத்த சாமி" என்று கள்ளிக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். அந்த வழியே போனவர்களும் கள்ளியையே பார்த்தார்கள், கள்ளியையே பேசினார்கள். கிளுவைக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. சந்தில் பாதிக் கை என்னுடையது, பொட்டு மட்டும் அவளுக்கா?

அது ஆள்காட்டியைக் கூப்பிட்டது. "எப்பப் பாத்தாலும் கள்ளி காலடியிலயே கெடக்கறியே, எங்கிட்டக் கல்லு இல்லையா? இங்க வந்து முட்டை வையேன்."

"உன் பக்கம் மேடு மறைக்குது கிளுவை. இங்கிருந்து பாத்தாத்தான் மூணு பேரு பக்கமும் தெரியுது."

உள்ளதைத்தான் சொன்னது. ஆனால் பொறாமையின் காதில் எந்தப் பேச்சும் நேராக விழாது. கிளுவை அதை, 'நீ கள்ளிக்குக் கீழேதான்' என்று கேட்டுக்கொண்டது.

மறுநாளே அது தனக்கென்று ஒரு காவலாளியை வைத்துக்கொண்டது. யாரை? தன் கிளையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணானை! வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்று மனிதர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வேலிக்கு யார் சொல்வது?

"நான்தான இங்க பெரிய வேலி?" என்று கேட்டது கிளுவை. ஓணான் தலையாட்டியது.

"கள்ளிக்கு இவ்வளவு பவிசு ஆகாதுதான?" அதற்கும் தலையாட்டியது. கிளுவைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பார்ப்பவர் கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரியட்டும் என்று, சந்துப் பக்கம் போகவேண்டிய கிளைகளை எல்லாம் பாதைப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"கிளுவை, நம்ம சந்து இளைச்சுக் கெடக்குது, பாத்தியா?" என்றது கள்ளி.

"உன் வேலையை நீ பாருக்கா. பொட்டு வாங்கினவதான காக்கணும்?"

கள்ளிக்குச் சுருக்கென்றது. இலந்தைப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கடலை முற்றிய சமயம், பொழுது சாயும் வேளையில், ஆள்காட்டி கத்தத் தொடங்கியது. அப்படி ஒரு கத்தல் அது அதுவரை கத்தியதே இல்லை. தாய்ப்பன்றி ஒன்று, பின்னால் ஏழெட்டுப் பன்றிகள்.

இலந்தை ஒரு பக்கம் கையைக் கோத்தது. கள்ளி மறுபக்கம் திரும்பிக் கதறியது. "கிளுவை! கையைக் குடு!"

கிளுவை ஓணானைக் கேட்டது. "பன்னி வருதா?" ஓணான் தலையாட்டியது.

"நம்ம பக்கம் வராதுல்ல?" அதற்கும் தலையாட்டிவிட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு இலைக்குள் போயிற்று.

கிளுவை கையை நீட்டவில்லை. மறந்துபோய் அல்ல, பயந்துபோயும் அல்ல. ஒரே ஒரு தடவை கள்ளியைப் பன்றி கிழிக்கட்டும், ஊர் பார்க்கட்டும் என்று நின்றது. தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, அதேதான்.

தாய்ப்பன்றி சந்தில் மூக்கை வைத்தது. முள் இல்லை. உள்ளே போய்விட்டது. வேலிகளின் முள்ளெல்லாம் வெளியே பார்த்து நிற்க, பன்றிகள் முதுகுப் பக்கமாக ஒவ்வொரு வரப்பாகத் தாண்டி மூன்று நிலத்தையும் உழுது தின்றன. முதலில் தின்றது கிளுவையின் நிலத்தை.

காலையில் செங்காளியப்பன் சந்தில் காலடித் தடத்தைப் பார்த்தார். "கள்ளி ஓரமாத்தான் பூந்துருக்குது அக்கா. சாமின்னீங்களே!"

மாராத்தாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சொல்ல வெட்கம்தான், ஆனால் அந்த நொடியில் கிளுவைக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து இயந்திரம் வந்தது. கள்ளியை வேரோடு அள்ளிப் பள்ளத்தில் கொட்டினார்கள். வெட்டுப்பட்ட இடமெல்லாம் பால் வடிந்தது. வலது நிலத்துக்காரரும் சம்மதிக்க, இலந்தையையும் பிடுங்கினார்கள். கிளுவையிடம் வந்தபோது செங்காளியப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது இருக்கட்டும். கம்பி அடிக்கக் கால் வேணுமில்ல?"

கிளைகளைக் கழித்து, மிஞ்சிய கட்டைகளில் ஆணியடித்துக் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். மூன்று நிலத்துக்கும் உயிரோடு நிற்கிற வேலி இப்போது அது ஒன்றுதான். போட்டிக்கு ஆள் இல்லை. கல்லாங்குத்தை இயந்திரம் நிரவிவிட்டதால், ஆள்காட்டியும் வேறு வழியில்லாமல் கிளுவையின் காலடிக்கே வந்து முட்டை வைத்தது. ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

ஒரு சாயங்காலம் மேட்டுக்குப் பின்னால் உறுமல் கேட்டது. மேடு மறைத்ததால், பன்றி மிக அருகில் வந்த பிறகுதான் ஆள்காட்டி கத்தியது. கிளுவை பதறிப்போய், புதிதாகத் துளிர்த்திருந்த ஒரே கையைச் சந்துப் பக்கம் நீட்டியது.

"அக்கா!"

அந்தப் பக்கம் கம்பிதான் இருந்தது.