கடைவாயில் போன விரல்கள்

மாட்டின் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதவர்கள் அதைச் சாதுவான வாய் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். மேல்வாயின் முன்பக்கம் பல்லே கிடையாது, வெறும் ஈறுதான். அதை நம்பிக் கையை நீட்டினால் உள்ளே கடைவாய்ப்பற்கள் இருக்கின்றன. வைக்கோலையே அரைக்கிற பற்களுக்கு விரல் எம்மாத்திரம்?

செங்கமலத்துக்கு இருந்தது ஒரே பசு, அதுவும் நிறைசினை. ஒரு மத்தியான வேளையில் அதன் தொண்டையில் மாங்கொட்டை சிக்கிக்கொண்டது. வாயில் நுரை தள்ளியது, வயிறு உப்பிக்கொண்டே போனது. "இதக் காப்பாத்துறவங்களுக்கு வயித்துல இருக்கற கன்னக் குடுத்துடறேன், மாரியாத்தா சாட்சி!" என்று கதறிய செங்கமலம், மருந்து புகட்டும் மூங்கில் கொட்டத்தில் தண்ணீரை மொண்டு மாட்டின் வாயில் ஊற்றப் போனாள்.

ஆடு மேய்க்கும் இருளப்பன் ஓடிவந்து கொட்டத்தைத் தட்டிவிட்டான். "தொண்ட அடச்சிருக்குது. தண்ணி மூச்சுக்கொழல்ல போனா இப்பவே செத்துரும்!"

அடுத்து வந்தவர் தச்சர் காத்தமுத்து. மாட்டின் நாக்கை வெளியே இழுத்து, கடைவாய்ப்பற்களுக்கு நடுவே வருமாறு பிடித்துக்கொண்டார். தன் நாக்கையே கடித்துக்கொள்ள எந்த மாடும் துணியாது. ஆனால் அவருடைய முரட்டுக் கை தொண்டைக்குள் நுழையாது. தெருவில் வளையல் விற்றுக்கொண்டு வந்த பவளாயிக்கு மெலிந்த கை. போட்டிருந்த வளையல்களைக் கழற்றி எறிந்துவிட்டு, முழங்கை வரை உள்ளே விட்டாள்.

"தட்டுப்படுதுண்ணே... வழுக்குது!"

அந்த நேரம் பார்த்து மாடு தலையை உதறியது. நாக்கு தச்சரின் பிடியிலிருந்து நழுவியது. பவளாயி கையை உருவிக்கொள்ள நேரமில்லை. காத்தமுத்து யோசிக்கவே இல்லை. தன் வலது கையைக் கடைவாயில் திணித்தார். எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"நீ எடு தாயி!" என்று அலறினார்.

அவள் எடுத்துவிட்டாள். மாங்கொட்டை மண்ணில் விழுந்தது, பசு மூச்சு விட்டது.

தச்சருக்கு இரண்டு விரல்கள் போயின. பசு கிடாரிக்கன்று ஈன்றதும் மூவரும் வந்து நின்றார்கள்.

"நான் தட்டிவிடலேன்னா அன்னிக்கே மாட்டப் பொதச்சிருப்பீங்க" என்றான் இருளப்பன்.

"இந்தக் கையால இனி உளி பிடிக்க முடியுமா?" என்றார் காத்தமுத்து.

"கொட்டைய எடுத்தது யாரு? நாந்தானே!" என்றாள் பவளாயி, அவர் கையைப் பார்க்காமலே.

கன்றோ ஒன்று, கேட்பவர்கள் மூன்று பேர். நீங்கள் சொல்லுங்கள், கன்று யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பவளாயிக்குத்தான். செங்கமலம் வாக்குக் கொடுத்தது மாட்டைக் காப்பாற்றுகிறவருக்கு. இருளப்பன் ஒரு தவறைத் தடுத்தான். நல்ல காரியம்தான், ஆனால் கொட்டை தொண்டையிலேயே இருந்தது. காத்தமுத்து விரல்களைக் கொடுத்தது மாட்டுக்காக அல்ல, பவளாயியின் கைக்காக. ஆகவே அவருக்குச் செய்ய வேண்டியதைச் செங்கமலத்திடம் கேட்பது நியாயமாகாது. அதைச் செய்ய வேண்டியவள் பவளாயி. அந்த வலது கையால் அவர் இனிப் பால் கறக்கவும் முடியாது. கன்று வளர்ந்து கறவைக்கு வந்ததும், அவர் கேட்காமலே அவள் தினமும் பால் கறந்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அவர் காப்பாற்றிக் கொடுத்த அதே கையால்.